ஈரக் கையும் டச் போனும்: சித்திக்குச் சொல்லிக்கொடுத்தவை

காசிமேட்டில் மீன் விற்கிற என் சித்தி டச் போன் வாங்கிய முதல் வாரம் முழுக்க பழைய பட்டன் போனிலிருந்து எனக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "இன்னாடா இது, நான் ஒண்ணைத் தொட்டா அது வேற எதையோ தொறக்குது." நேரில் போய்ப் பார்த்தேன். போன் நன்றாகத்தான் இருந்தது, கைதான் ஈரம்.

டச் ஸ்கிரீன் நாம் அழுத்துவதைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்கடத்தும் படலம் இருக்கிறது, விரல் பட்ட இடத்தில் அதன் மின்னூட்டம் கொஞ்சம் மாறும், அந்த மாற்றத்தை வைத்துத்தான் எங்கே தொட்டோம் என்று போன் கண்டுபிடிக்கிறது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும், உப்புத் தண்ணீர் இன்னும் நன்றாகவே கடத்தும், அதனால் ஒரு துளி விழுந்தாலும் அதையும் விரல் என்றே நினைத்துக்கொள்ளும். பலமாக அழுத்தி ஒரு பயனும் இல்லை. பக்கவாட்டு பட்டனை அழுத்தி ஸ்கிரீனை அணைத்துவிட்டு, காய்ந்த பருத்தித் துணியால் கண்ணாடியையும் விரலையும் துடைத்து, அப்புறம் திறங்கள். அணைக்காமல் துடைத்தால் துணி படுகிற வேகத்தில் யாருக்காவது வீடியோ கால் போய்விடும்.

போன் தண்ணீரில் விழுந்தால் உடனே எடுத்து ஆஃப் செய்து, சார்ஜர் ஓட்டை கீழே பார்க்கிற மாதிரி பிடித்து மெதுவாகத் தட்டி, ஃபேன் காற்றில் வையுங்கள். முழுசாகக் காயும்வரை சார்ஜ் போடவே கூடாது. அரிசியில் புதைக்க வேண்டாம், அந்த மாவும் தூசியும் ஓட்டைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். பெட்டியில் ஐபி 68 (தூசியும் தண்ணீரும் தாங்கும் என்பதற்கான குறியீடு) என்று போட்டிருக்கிறதே என்று கேட்பார்கள், அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது, கடல் தண்ணீருக்கு அதை நம்பி இறங்காதீர்கள்.

இனி போட்டோ. சித்திக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் விடியற்காலையில் வந்த வஞ்சிரத்தைப் படம் எடுத்து வாடிக்கை வீடுகளுக்கு அனுப்பினால் எட்டு மணிக்குள் ஆர்டர் வந்துவிடும். படம் மங்கலாக வந்தால் முதலில் பின்பக்க லென்ஸைத் துடையுங்கள், விரல் எண்ணெய் படிந்திருந்தால் எவ்வளவு விலை போனாக இருந்தாலும் புகை மூட்டமாகத்தான் எடுக்கும். பிறகு ஸ்கிரீனில் மீன் தெரிகிற இடத்தில் ஒரு தடவை தொடுங்கள், ஃபோகஸ் அங்கே போகும், பக்கத்திலேயே சின்னதாக ஒரு சூரியன் வரும், அதை மேலேயும் கீழேயும் இழுத்தால் வெளிச்சம் கூடும் குறையும். ஏலம் நடக்கிற இடத்தில் பளீரென்று விளக்கு எரியும், படத்தில் மீன் செதில் வெள்ளையாக வெளிறிப்போகும், அப்போது சூரியனைக் கொஞ்சம் கீழே இழுத்தால் செதிலின் நிறம் சரியாக விழும். விரல்களை விரித்துப் பெரிதாக்கி எடுப்பதைவிட இரண்டு அடி கிட்டே போய் எடுங்கள், அப்படிப் பெரிதாக்கும்போது பல போன்கள் படத்தை வெட்டி இழுத்துத்தான் காட்டுகின்றன. இருட்டில் எடுத்தால் போன் சொல்லும்வரை கை அசையக் கூடாது.

வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் போகும். மேலே எச்டி என்று இருப்பதைத் தொட்டு அனுப்பினால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும், கல்யாண போட்டோ மாதிரி அப்படியே போக வேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள்.

"மெமரி ஃபுல்" என்று வந்ததும் எல்லோரும் கேலரியில் கை வைக்கிறார்கள், தயவுசெய்து அங்கே ஆரம்பிக்காதீர்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போங்கள், 5 எம்பிக்கு மேல் உள்ளவை தனியாக, பலமுறை ஃபார்வர்டு ஆனவை தனியாக வரிசையாக நிற்கும். காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் அங்கேதான் குவிந்திருக்கும். அதை அழித்துவிட்டு, மீடியா தானாக டவுன்லோட் ஆவதையும் நிறுத்துங்கள். கூகுள் போட்டோஸில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது: பேக்கப் ஆகிவிட்டதே, அதாவது இணையத்தில் ஒரு நகல் ஏறிவிட்டதே என்று நினைத்து அங்கே அழித்தால் போனிலும் போகும், கூகுள் கணக்கிலும் போகும். போனில் மட்டும் இடம் வேண்டுமானால் அதற்கென்று 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' தனியாக இருக்கிறது, அதைத்தான் தொட வேண்டும். தெரியாமல் அழித்துவிட்டால் பதறாமல் குப்பைத்தொட்டியைத் திறந்து பாருங்கள், பேக்கப் ஆன படம் 60 நாள்வரை அங்கே கிடக்கும், ஆகாதது 30 நாள். என் பக்கத்து வீட்டு அக்கா தன் அப்பாவின் கடைசிப் படங்களை இப்படித்தான் திரும்ப எடுத்தார், அன்றிலிருந்து யார் போனைக் கொடுத்தாலும் இதை முதலில் காட்டிவிடுகிறேன்.

டைப் செய்ய வராதவர்கள் கீபோர்டில் தமிழைச் சேர்த்து மைக் பொம்மையைத் தொட்டுப் பேசினால் எழுத்தாகவே விழும். நம்ம ஊர்ப் பேச்சை அது அங்கங்கே தப்பாக எழுதும், நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு செய்யும்போது மைக்கைப் பிடித்தபடி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், விரலை எடுத்துவிட்டுப் பேசலாம். வந்த பதிவைத் தண்டையார்பேட்டை பஸ்ஸில் நின்றுகொண்டு கேட்க வேண்டுமா, ப்ளே தொட்டுக் காதில் வையுங்கள், கால் பேசுகிற மாதிரி உங்களுக்கு மட்டும் கேட்கும்.

புயல் நாளுக்குத் தனியாகச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, வீடியோ எடுத்தே பாதிப் பேர் சார்ஜைத் தீர்த்துவிட்டார்கள். வெளிச்சத்தைக் குறைத்து, பேட்டரி சேவரைப் போட்டு, டேட்டாவை அணைத்து வையுங்கள். சிக்னலே இல்லாத இடத்தில் டவரைத் தேடித் தேடியே பேட்டரி இறங்கும், அதனால் ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் போதும்.

பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகப்போகிறது, அங்கேயே நிறுத்துங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள். அப்புறம் இன்றைக்கே *#06# அடித்து வருகிற 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (உங்கள் போனின் அடையாள எண்) ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வைத்துவிடுங்கள், போன் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுக்கவும் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் போனை முடக்கவும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.