நெஞ்சுச் சளிக்கு மருந்துக்கடையில் எதை வாங்குவது?

புது நாட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே சளி நெஞ்சில் இறங்கிவிட்டால், டாக்டரைப் பார்ப்பதற்கு முன் பலரும் போவது மருந்துக்கடைக்குத்தான். இருமலுக்கென்றே ஒரு அலமாரி நிறைய மருந்து இருக்கும். பெட்டியின் முன்பக்கப் பெரிய எழுத்தை நம்பி எடுக்காதீர்கள். பின்பக்கம் திருப்பி, உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று படியுங்கள்.

சளியை இளக்கும் மருந்தின் பெயர் குவைஃபெனெசின். சில நாடுகளில் இதே வேலைக்கு புரோம்ஹெக்சினோ அசிட்டைல்சிஸ்டைனோ கிடைக்கும். கெட்டியான சளியை இது நீர்க்க வைக்கும், அதனால் இருமும்போது சளி எளிதாக வெளியே வரும். இருமலை நிறுத்தாது, நோயையும் குணமாக்காது. பலன்கூட ஓரளவுதான். வறட்டு இருமலுக்கு இதை வாங்குவது வீண்.

இந்த ஒரு மருந்து மட்டும் உள்ள பெட்டியையே எடுங்கள் என்பேன். கூட்டு மருந்துகளில்தான் சிக்கல். பெயருக்குப் பின்னால் ‘டி.எம்.’ என்றிருந்தால் இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரையோ மருந்தாளுநரையோ கேட்காமல் அதைத் தொடக்கூடாது. மூக்கடைப்புக்காகச் சேர்க்கும் சூடோஎஃபெட்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றும். காய்ச்சலுக்கும் சேர்த்து என்று விற்பதில் பாராசிட்டமால் இருக்கும். சில நாடுகளில் அதையே அசிட்டமினோஃபென் என்று போட்டிருப்பார்கள். தெரியாமல் தனியாக இன்னொரு காய்ச்சல் மாத்திரையும் போட்டால் அளவு மீறிப்போய் கல்லீரல் கெடும். இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்.

சரி, குவைஃபெனெசினின் அளவு. 12 வயதுக்கு மேல் சாதாரண மாத்திரை அல்லது சிரப் என்றால் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 200 முதல் 400 மில்லிகிராம். மெதுவாகக் கரையும் மாத்திரை என்றால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 600 முதல் 1200. எதுவானாலும் ஒரு நாளைக்கு 2400-ஐத் தாண்டக்கூடாது. பெட்டியில் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுவே கணக்கு. மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ வேண்டாம், முழுசாக விழுங்க வேண்டும். தண்ணீரும் நிறையக் குடியுங்கள். சிலருக்குக் குமட்டலோ லேசான தலைசுற்றலோ வரலாம்.

6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், ஆஸ்துமா உள்ளவர்களும் முதலில் கேட்டுக்கொள்ளட்டும். சர்க்கரை நோய் இருந்தால் சர்க்கரை சேர்க்காத சிரப்பா என்று பாருங்கள். அப்புறம், ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு விடாத வறட்டு இருமல் இருந்தால், அந்த மாத்திரையேகூடக் காரணமாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடையிலிருக்கும் மருந்தாளுநரிடம் பேசத் தயங்காதீர்கள். சளி வருகிறதா, வறட்டு இருமலா, எத்தனை நாளாக, வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சொன்னால் போதும். ஆன்டிபயாடிக் தரவில்லையே என்று வருந்த வேண்டாம். பெரும்பாலான சளி வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் உதவாது. சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ இருப்பதை மட்டும் வைத்து அது தேவை என்று சொல்லிவிட முடியாது.

சளி விட்ட பிறகும் இருமல் 3 வாரம் வரை இழுக்கலாம். அதற்கு மேலும் நீடித்தாலோ காய்ச்சல் விடாமல் அடித்தாலோ டாக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம் இவற்றில் ஒன்று வந்தாலும் நாள் எண்ணிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவ உதவி தேடுங்கள்.