பெர்பெத்துவா, பெலிசித்தா வரலாற்றை விழா வாசிப்புக்கு எழுதுவது எப்படி

மார்ச் 7 விழாவுக்கு வாசிப்பு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு சுருக்கத்தையே மறுபடி சுருக்குகிறார்கள். கிறிஸ்தவ நம்பிக்கைக்காக உயிர்விட்ட இந்த இரு மறைசாட்சிகளைப் பொறுத்தவரை அதற்கு அவசியமே இல்லை. அவர்களின் பாடுகளைச் சொல்லும் மூல நூல் 21 சிறு அதிகாரங்கள்தான், ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.

படிக்கும்போதே, எந்தப் பகுதி யார் எழுதியது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 3 முதல் 10 வரை பெர்பெத்துவாவே சிறையில் எழுதியவை. 11 முதல் 13 வரை உடன் கைதியான சாத்துருஸ் கண்ட காட்சி. முன்னும் பின்னும் உள்ளவை பெயர் தெரியாத தொகுப்பாளருடையவை. பெர்பெத்துவாவின் எழுத்து, அவர்கள் விலங்குகளுக்கு முன் நிறுத்தப்பட்ட அரங்குக்கு முந்தைய நாளோடு நின்றுவிடுகிறது. ஆகவே அவர் இறந்த விதத்தை எழுதும்போது ‘பெர்பெத்துவா கூறுகிறார்’ என்று போட்டால் தவறு.

அடுத்து அடிப்படைத் தகவல்கள். ஆண்டு 203, இடம் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ், ரோமப் பேரரசர் செப்திமியுஸ் செவேருஸ். இறந்துபோன ஆளுநரின் இடத்தில் இருந்து தீர்ப்பளித்தவர் ஹிலாரியானுஸ். செவேருஸின் மகன் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டுகளில்தான் தண்டனை நிறைவேறியது. முதலில் பிடிபட்டவர்கள் ஐந்து பேர்: ஏறத்தாழ 22 வயதான, கைக்குழந்தையோடு இருந்த பெர்பெத்துவா, அடிமைகளான பெலிசித்தா, ரெவொகாத்துஸ், இன்னும் சாத்துர்னினுஸ், செக்குந்துலுஸ். சாத்துருஸ் பிறகு தாமாகவே வந்து சரணடைந்தார். செக்குந்துலுஸ் சிறையிலேயே இறந்துவிட்டார். எனவே அரங்கில் நின்றவர்கள் ஐந்து பேர். ஆறு என்று எழுதுகிறவர்கள் இந்த இறப்பைத் தவறவிடுகிறார்கள்.

வாசிப்பில் பாதியையாவது பெர்பெத்துவாவின் தந்தைக்கும் குழந்தைக்கும் ஒதுக்குங்கள். நூலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒரு குடத்தைக் காட்டி, இதை வேறு பெயரால் அழைக்க முடியுமா என்று தந்தையிடம் கேட்கிறார் பெர்பெத்துவா. அப்படியே தன்னையும் கிறிஸ்தவள் என்றல்லாமல் வேறு விதமாகச் சொல்ல முடியாது என்கிறார். திருத்தொண்டர்கள் தெர்சியுஸும் பொம்போனியுஸும் காவலர்களுக்குப் பணம் கொடுத்து, சில மணி நேரம் கைதிகளுக்குச் சிறையில் நல்ல இடம் வாங்கித் தருகிறார்கள். பசியால் சோர்ந்திருந்த குழந்தைக்குப் பெர்பெத்துவா அங்கே பாலூட்டுகிறார். விசாரணையில் தந்தையைத் தள்ளிவிட்டுக் கோலால் அடிக்கச் சொல்கிறார் ஹிலாரியானுஸ். இவற்றுக்கு அடைமொழிகள் எதுவும் தேவையில்லை. ‘வீரமங்கை’, ‘சிங்கப்பெண்’ போன்றவற்றை அடித்துவிட்டால் வாசிப்புக்கு வலுக் கூடும்.

பெலிசித்தாவுக்குத் தனிப் பத்தி வேண்டும். கர்ப்பிணிக்கு மரண தண்டனை நிறைவேற்றச் சட்டம் இடம் தராததால், தோழர்களைப் பிரிந்து பின்னால் தனியாகச் சாக நேருமோ என்பதே அவர் கவலை. எட்டாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. அதைக் கிறிஸ்தவச் சகோதரி ஒருவர் தம் மகளாக வளர்த்தார். பெலிசித்தாவைப் பெர்பெத்துவாவின் பணிப்பெண் என்று எழுதாதீர்கள். நூல் அப்படிச் சொல்லவில்லை.

அதிகம் சறுக்குவது கனவுகளில். வெண்கல ஏணி, அதன் கீழே கிடந்த பாம்பு, எகிப்தியனோடு மல்யுத்தம் எல்லாம் சிறையில் கண்ட காட்சிகள். மல்யுத்தத்தை அரங்கில் நடந்ததாகவே சிலர் எழுதிவிடுகிறார்கள். ‘காட்சியில் கண்டார்’ என்ற சொற்கள் ஒவ்வொரு தடவையும் வரட்டும். அரங்கில் பெண்கள் மீது ஏவப்பட்டது வெறிகொண்ட பசு. படங்களில் வரும் சிங்கத்தை நம்பாதீர்கள். சாத்துருஸைக் கடித்தது சிறுத்தை. கடைசியில் எல்லாரும் வாளால் கொல்லப்பட்டார்கள். பயிற்சி போதாத வீரனின் கை நடுங்க, பெர்பெத்துவாவே அதைப் பிடித்துத் தம் கழுத்துக்குக் கொண்டுபோனார்.

இதே வரலாற்றுக்கு வேறொரு சுருக்க வடிவமும் உண்டு. அது சம்பவத்தை அரை நூற்றாண்டு தள்ளி, பேரரசர் வலேரியான் காலத்தில் வைக்கிறது. பெர்பெத்துவாவின் கணவர் விசாரணைக்கு வருவதும் அதில்தான். மூல நூலில் கணவரைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. இரண்டையும் கலந்தால் ஆண்டுக் கணக்கு குழம்பிவிடும். செவேருஸ் மதமாற்றத் தடை ஆணை பிறப்பித்தார் என்ற செய்தியையும் ஆய்வாளர்கள் பலர் ஐயத்தோடு பார்க்கிறார்கள். ‘செவேருஸ் ஆட்சியில்’ என்பதோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. பழைய நாள்காட்டியில் விழா மார்ச் 6 என்றிருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். அப்போது 7-ஆம் தேதி புனித தாமஸ் அக்குவினாஸின் விழாவுக்கு உரியதாக இருந்தது.

ஐந்து நிமிட வாசிப்புக்கு 450 சொற்கள் போதும். பெர்பெத்துவாவின் சொந்த வரிகளை இன்னொரு குரலுக்குக் கொடுங்கள். ஹிலாரியானுஸ், ரெவொகாத்துஸ் போன்ற பெயர்களை வாசிப்பவரின் தாளில் அசை பிரித்து எழுதித் தந்து, ஒருமுறையாவது சத்தமாக வாசிக்க வைத்துவிடுங்கள்.