ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலர்: பெட்டியைத் தேடும் முன் சக்கரத்தைப் பாருங்கள்

இறக்கத்தில் பிக்கப்பின் பிரேக்கை மிதிக்கிறீர்கள். வண்டி வேகம் குறைகிறது, பின்னால் வரும் இரண்டு டன் ட்ரெய்லர் குறையவில்லை. முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் வண்டியை முன்னே தள்ளுகிறது. அந்தத் தள்ளலை ஒருமுறை உணர்ந்தவர்கள் மறுநாளே கன்ட்ரோலர் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். முதல் தவறு அங்கேதான் நடக்கிறது. எந்தக் கன்ட்ரோலர் நல்லது என்று விசாரிக்கிறார்கள், தங்கள் ட்ரெய்லரில் இருப்பது எந்த வகை பிரேக் என்று பார்ப்பதில்லை.

கன்ட்ரோலர் என்பது டேஷ்போர்டு பக்கம் பொருத்தும் ஒரு சிறு பெட்டி, அது எதையும் பிடித்து நிறுத்துவதில்லை. மின்சாரத்தை அளந்து அனுப்புவதுதான் அதன் வேலை. நிறுத்துவது ட்ரெய்லர் சக்கரத்தின் டிரம்முக்குள் இருக்கும் மின்காந்தமும், டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் ஷூக்களும். மின்சாரம் வந்ததும் காந்தம் சுழலும் டிரம்மின் உட்பரப்பில் ஒட்டுகிறது. டிரம் அதை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும்போது, காந்தத்தைத் தாங்கும் நெம்புகோல் நகர்ந்து ஷூக்களை விரிக்கிறது. எவ்வளவு மின்சாரம் போகிறதோ அவ்வளவு பிடி. இந்தப் படம் மனதில் இருந்தால் கீழே வரும் தவறுகளில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

படகு ஏற்றும் ட்ரெய்லர்கள் பலவற்றில் சர்ஜ் பிரேக் இருக்கும். ட்ரெய்லர் முன்னே தள்ளும் விசையே ஹைட்ராலிக் சிலிண்டரை அழுத்தி பிரேக் பிடிக்க வைக்கும். இதற்குக் கன்ட்ரோலரே தேவையில்லை. மின்சாரத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பம்ப் உள்ள ட்ரெய்லர் என்றால், எல்லாக் கன்ட்ரோலரும் அதோடு ஒத்துப்போகாது. ஒத்துப்போகும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துதான் வாங்க வேண்டும். பலவற்றில் அதற்கெனத் தனி அமைப்பை மாற்றி வைக்கவும் வேண்டியிருக்கும். சாதாரண மின் பிரேக் என்றால் எத்தனை சக்கரங்களில் பிரேக் இருக்கிறது என்று எண்ணுங்கள். பரவலாக இருக்கும் 10, 12 அங்குல டிரம்களில் ஒரு காந்தம் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர் எடுக்கும். நான்கு சக்கரத்துக்கு 12 ஆம்பியர், ஆறுக்கு 18. கன்ட்ரோலர் எத்தனை பிரேக்குகளைத் தாங்கும் என்பது அதன் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும்.

தேர்வில் இரண்டு வகை உண்டு. ஒன்று நேரக் கணக்கில் இயங்குவது. பெடலைத் தொட்டதும், நீங்கள் முன்கூட்டி வைத்த வேகத்தில் மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே போகும். சிக்னலுக்கு மெல்ல வேகம் குறைத்தாலும், குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்து முழுசாக மிதித்தாலும் அதற்கு ஒன்றுதான். இன்னொன்று வண்டி எவ்வளவு வேகமாக நிற்கப் பார்க்கிறது என்பதைத் தன் சென்சாரால் உணர்ந்து, அதே அளவில் ட்ரெய்லருக்கும் பிரேக் கொடுப்பது. விலை கொஞ்சம் கூடுதல். குடும்பத்தோடு கேரவன் இழுப்பவர், குதிரை ஏற்றுபவர், மலைப்பாதையில் போகிறவர் யாராக இருந்தாலும் இரண்டாவதைத்தான் வாங்கச் சொல்வேன். பணத்தை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. ஆனால் இந்த வகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே இருக்கும் சென்சாருக்கு எது முன்பக்கம் என்று தெரிய வேண்டும். வண்டி ஓடும் திசைக்கு நேராக, கையேடு சொல்லும் சாய்வுக்குள் பொருத்த வேண்டும். இடம் கிடைத்த பக்கம் திருப்பி வைத்தால், வாங்கிய பணம் வீண்.

பொருத்தும்போது

டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். இழுவைக்கென்று தயாராக வரும் பிக்கப் பலவற்றில் கன்ட்ரோலருக்கான சாக்கெட் அங்கேயே தொங்கும். அந்த மாடலுக்கு உரிய இணைப்பு ஒயரை வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது. இதைப் பார்க்காமல் ஒயரை வெட்டித் தோலுரிப்பவர்கள் அதிகம். பின்பக்கச் சாக்கெட்டையும் பாருங்கள். நான்கு முனை சாக்கெட் என்றால் அதில் விளக்குக்கு மட்டும்தான் வழி உண்டு, பிரேக்குக்கு ஒயரே கிடையாது. ஏழு முனை சாக்கெட் வேண்டும்.

சாக்கெட் இல்லை, எல்லாவற்றையும் கையால் இணைக்க வேண்டும் என்றால் பொறுமை வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பொதுவாக நான்கு ஒயர் வரும்: கறுப்பு பேட்டரி பாசிட்டிவுக்கு, வெள்ளை நெகட்டிவுக்கு, சிவப்பு ஸ்டாப் லைட் சுவிட்சுக்கு, நீலம் ட்ரெய்லர் பிரேக்குக்கு. கறுப்பும் வெள்ளையும் இடம் மாறினால் கன்ட்ரோலர் அந்த நிமிடமே கருகிப்போகலாம். ட்ரெய்லர் பக்கம் இதற்கு முன் யாரோ கையால் ஒயரிங் செய்திருந்தால் நிறத்தை நம்பவே கூடாது. டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் இணைக்க வேண்டும்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது சிவப்பு ஒயரில். பெடலை மிதிக்கும்போது மட்டும் மின்சாரம் வரும் பக்கத்தில்தான் அதை இணைக்க வேண்டும். எப்போதும் மின்சாரம் இருக்கும் பக்கத்தில் இணைத்துவிட்டால், நீங்கள் ஓயாமல் பெடலை மிதித்திருப்பதாகக் கன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். பின்னால் ட்ரெய்லரின் பிரேக் உரசிச் சூடேறிக்கொண்டே வரலாம். பின்விளக்குக்குப் போகும் ஒயரில் இணைப்பது இன்னொரு தவறு. பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே பல்பு உள்ள வண்டிகளில், இண்டிகேட்டர் ஒவ்வொரு முறை மின்னும்போதும் கன்ட்ரோலருக்கு பிரேக் சைகை போகும். பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்சிலேயே இணைப்பதுதான் சரி.

வெள்ளையை அருகில் இருக்கும் ஏதோ ஒரு திருகில் முடுக்கிவிட்டுப் போகாதீர்கள், பேட்டரி வரைக்கும் கொண்டுபோங்கள். கறுப்பில், பேட்டரிக்குப் பக்கத்தில், தானாக மீளும் சர்க்யூட் பிரேக்கர் இருக்க வேண்டும். நான்கு பிரேக் வரை 20 ஆம்பியர், ஆறு அல்லது எட்டுக்கு 30 ஆம்பியர் என்பதே பல கையேடுகளில் இருக்கும் அளவு. ஒயர் மெல்லியதாக இருந்தால் மின்சாரம் வழியிலேயே வீணாகி, காந்தத்துக்குக் குறைவாகத்தான் போய்ச் சேரும். 12 கேஜைவிட மெல்லியதாக இல்லாத செம்பு ஒயர் போடுங்கள், நீளம் அதிகம் என்றால் 10 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமனாகும்).

கன்ட்ரோலரை வைக்கும் இடத்தில் துளையிடும் முன், முழங்காலுக்கு நேரே ஏர்பேக் இருக்கிறதா என்று வண்டியின் கையேட்டைப் பாருங்கள். ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்க வைக்கக் கன்ட்ரோலரில் இருக்கும் கைநெம்புகோலை, சீட் பெல்ட் போட்டபடி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் தொட முடிய வேண்டும். ட்ரெய்லர் ஆடத் தொடங்கினால் பெடலை மிதிக்காமல் அந்த நெம்புகோலை மட்டும் மெல்ல நகர்த்துவதுதான் அதை நேராக்கும். அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பொருத்திய பிறகு

கன்ட்ரோலர் புதிதாக இருக்கும், ட்ரெய்லரின் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடிப்போயிருக்கும். எவ்வளவு கெயின் (பிரேக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு மின்சாரம் போகலாம் என்று கன்ட்ரோலரில் வைக்கும் அளவு) ஏற்றினாலும் பிடிக்காது. குற்றம் கன்ட்ரோலர் மேல் விழும். பல டிரம் பிரேக்குகளில் இந்த இடைவெளியைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். புதிய பிரேக் என்றால் முதல் 300 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை பாருங்கள், ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டையான லைனிங் படிந்து இடைவெளி கூடியிருக்கும்.

கெயினை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்தபடி அமைக்க முடியாது. சரக்கு ஏற்றி, காலியான சமதளச் சாலையில், சில முறை மெல்ல பிரேக் பிடித்துச் சூடாக்கிய பிறகு, மணிக்கு 40 கிலோமீட்டரில் போய்க் கைநெம்புகோலை முழுசாக நகர்த்துங்கள். ட்ரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டால் கெயின் அதிகம், குறையுங்கள். பூட்டுவதற்குச் சற்று முன்னால் நிற்கும் அளவே சரியானது. காலி ட்ரெய்லருக்கும் மழைச் சாலைக்கும் சரளைக்கும் மறுபடி குறைக்க வேண்டும். போன மாதம் வைத்த எண்ணை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்புவது பழக்கமாகிவிடுகிறது, அது ஆபத்தான பழக்கம்.

கொக்கி கழன்றால் தானாக பிரேக் போடும் பிரேக்அவே சுவிட்சைச் சோதிக்கும்போது, ஏழு முனை பிளக்கை முதலில் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் சுவிட்சில் செருகியிருக்கும் பின்னை இழுத்தால் ட்ரெய்லர் பேட்டரியின் மின்சாரம் திரும்பிவந்து கன்ட்ரோலரைக் கெடுக்கலாம். அந்தச் சுவிட்சின் கம்பியைப் பாதுகாப்புச் சங்கிலியில் சுற்றாமல், தனியாக வண்டியின் சட்டத்தில் மாட்டுங்கள்.

முதல் ஓட்டத்தில் பத்து, பதினைந்து முறை பிரேக் பிடித்ததும் ஓரமாக நிறுத்தி இறங்குங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் டிரம்முக்கும் அருகில், தொடாமல், கையைக் கொண்டுபோங்கள். எல்லாம் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரம் பிடிக்கவேயில்லை. ஒயரையோ காந்தத்தையோ ஷூவையோ அங்கே போய்ப் பாருங்கள், அதன் பிறகு பயணத்தைத் தொடரலாம்.