வீட்டுப் பெரியவர்களின் தசை வலிமையைச் சோதிக்க ஒரு நாற்காலி போதும்

எடை அப்படியேதான் இருக்கிறது, அப்புறம் என்ன கவலை என்று பலர் கேட்கிறார்கள். வயதாகும்போது தசை கரைந்து, அந்த இடத்தில் கொழுப்பு சேரலாம். எடை மெஷினுக்கு அது தெரியாது. இந்தத் தசை இழப்பைத்தான் மருத்துவர்கள் சார்கோபீனியா என்கிறார்கள்.

தசையின் அளவைவிட அதன் வலிமையை முதலில் பாருங்கள் என்பேன். 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கையால் இறுக்கிப் பிடிக்கும் வலிமை ஒவ்வொரு 5 கிலோ குறைவுக்கும், இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. பிடி தளர்ந்ததால்தான் இறந்தார்கள் என்று அர்த்தமில்லை. காய்ச்சல், அறுவை சிகிச்சை, கீழே விழுதல் என்று ஏதாவது வந்தால் தாங்குவதற்கு உடம்பில் எவ்வளவு இருப்பு உண்டு என்பதை அது காட்டுகிறது. படுக்கையில் கிடக்கும் நாட்களில் உடல் தசைப் புரதத்தை உடைத்துத்தான் சமாளிக்கிறது.

படி 1: உட்கார்ந்து எழுதல்

கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பெரியவர் கைகளை மார்பின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, முடிந்த வேகத்தில் ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். ஒவ்வொரு முறையும் முழங்கால் நிமிர நிற்க வேண்டும். ஐந்தாவது முறை நிமிர்ந்ததும் கடிகாரத்தை நிறுத்துங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

சார்கோபீனியாவுக்கான ஆசிய நிபுணர் குழு 2019இல் தந்த அளவுகோல்படி, 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். கடுமையான மூட்டுவலி உள்ளவருக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்; அங்கே நேரத்தை இழுப்பது வலியாகவும் இருக்கலாம்.

படி 2: கெண்டைக்கால்

இஞ்ச் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சந்தேகம். காலில் வீக்கம் இருந்தால் அளவு ஏமாற்றிவிடும்.

படி 3: மருத்துவர்

இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் காட்டுங்கள். காரணமில்லாமல் எடை குறைந்திருந்தாலோ, சமீபத்தில் கீழே விழுந்திருந்தாலோ சோதனையெல்லாம் வேண்டாம், நேராகப் போய்விடுங்கள்.

படி 4: பயிற்சி

அதே நாற்காலிதான். மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்கார வேண்டும். தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால் பாதிப் பலன் போச்சு. ஆரம்பத்தில் மேசையைப் பிடித்துக்கொள்ளலாம். 8 முதல் 10 முறை, சற்று ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. வாரத்தில் இரண்டு மூன்று நாள், இடையில் ஒரு நாள் இடைவெளி. நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்துங்கள். இதய நோய் உள்ளவர் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

பத்து முறை சுலபமாகிவிட்டால் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுங்கள். சுமை ஏறாமல் வலிமை ஏறாது. ‘தினமும் நடக்கிறேனே’ என்பார்கள். நடை இதயத்துக்கு நல்லது, ஆனால் தொடைக்கு அது மட்டும் போதாது.

இந்த வயதில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: 1990இல் முதியோர் இல்லம் ஒன்றில், சராசரியாக 90 வயதைத் தொட்ட பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் வலிமை இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூடியது.

படி 5: புரதம்

உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், 60 கிலோ எடையென்றால் நாளுக்கு 60 முதல் 72 கிராம். ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இந்த அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மூன்று மாதம் கழித்து முதல் படியைத் திரும்பச் செய்யுங்கள். நாற்காலியை மாற்றாதீர்கள், உயரம் மாறினால் வினாடிக் கணக்கும் மாறிவிடும்.