சிங்கப்பூர் மீன் தலைக் கறி: முதன்முறையாகச் சமைப்பவர்களுக்கு

சுவையில் நம் புளிக்குழம்புக்குச் சொந்தம் என்றாலும், மீன் தலைக் கறி பிறந்தது சிங்கப்பூரில். கேரளத்திலிருந்து அங்கே போய் உணவகம் நடத்திய எம்.ஜே. கோமஸ் 1949-இல் இதை அறிமுகம் செய்தார் என்பார்கள். மீன் தலையைச் சீனர்கள் விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்து, அவர்களுக்காகவே பெரிய தலை ஒன்றை நம் மசாலாவில் கொதிக்க வைத்தார். இன்று லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் எல்லா இனத்தாரும் இதைத் தேடி வருகிறார்கள்.

நாலு பேருக்கான அளவு சொல்கிறேன்.

1. தலை வாங்குவது

ஒரு கிலோ அளவில் ஒரு தலை போதும். சிங்கப்பூரில் இக்கான் மேரா என்ற பெரிய சிவப்பு மீன்தான் வழக்கம். தேக்கா சந்தையில் கேட்டால் இரண்டாகப் பிளந்து தருவார்கள். செவுளை முழுக்க எடுக்கச் சொல்லுங்கள். அது கொஞ்சம் தங்கிவிட்டாலும் கவிச்சி போகாது. வீட்டில் கல் உப்பும் மஞ்சளும் தேய்த்து, ரத்தக் கறை போகும்வரை கழுவுங்கள்.

2. மசாலா

மல்லித்தூள் 2 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரை, சோம்புத்தூளும் சீரகத்தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி, மஞ்சள் அரை. எல்லாவற்றையும் தண்ணீரில் குழைத்து வையுங்கள். தூளாகவே எண்ணெயில் போட்டால் கருகிவிடும்.

3. வதக்குவது

இந்தக் குழம்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். அகலமான சட்டியில் 4 மேசைக்கரண்டி எண்ணெய். கடுகு, கால் தேக்கரண்டி வெந்தயம், இரண்டு கொத்து கறிவேப்பிலை தாளித்து, 15 சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, 2 தக்காளி என்று வரிசையாக வதக்குங்கள். பிறகு குழைத்த மசாலா. சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் முதலில் சேறு மாதிரி சட்டியில் ஒட்டும், அப்புறம் நிறம் கறுத்து, ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் கசியும். அது வரும்வரை புளி ஊற்ற வேண்டாம். பச்சை வாடை போகாத மசாலாவை அப்புறம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் சரியாகாது.

4. புளி, காய்

எலுமிச்சை அளவு புளியை மூன்று கப் தண்ணீரில் கரைத்து ஊற்றி, உப்புப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். இப்போது ருசி பாருங்கள்: புளிப்பும் உப்பும் ஒரு பங்கு தூக்கலாகவே இருக்கட்டும், தலையும் தேங்காய்ப் பாலும் சேர்ந்ததும் தணிந்துவிடும். கத்தரிக்காய் இரண்டும், தனியாக எண்ணெயில் வாட்டிய வெண்டைக்காய் எட்டும் சேருங்கள். வெண்டைக்காய் இல்லாத மீன் தலைக் கறியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. குழம்பை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும் காய் அது. அன்னாசித் துண்டு சேர்ப்பவர்களும் உண்டு. புளிப்புக்கு நடுவே அந்த இனிப்பு நன்றாகவே இருக்கும்.

5. தலை

காய் முக்கால் வெந்ததும் தலையை வைத்து மூடுங்கள். 12 நிமிடம், மிதமான தீ. கரண்டி போட்டுக் கிளறவே கூடாது. குழம்பை மொண்டு மேலே ஊற்றினால் போதும். கண் வெள்ளையாகி, கன்னத்துச் சதை விரலால் அழுத்தினால் பிரிந்து வந்தால் வெந்துவிட்டது. அரை கப் கெட்டித் தேங்காய்ப் பால் ஊற்றி, ஒரு கொதி வரும்போதே இறக்குங்கள். அரை மணி நேரம் ஊறட்டும்.

சீனச் சமையல்காரர்கள் சிலர் தலையை முதலில் ஆவியில் வேகவைத்துவிட்டுக் குழம்பில் சேர்ப்பார்கள். சதை மிருதுவாக இருக்கும், ஆனால் மசாலா அவ்வளவாக இறங்காது. சீன, மலாய் மரபுகள் கலந்த பெரனாக்கன் சமூகத்தாரின் வீடுகளில் புளியோடு புங்கா கந்தான் என்ற இஞ்சிக் குடும்பப் பூமொட்டைச் சேர்ப்பதும் உண்டு. அதன் மணமே வேறு.

சூடான சோறு, அப்பளம் போதும். கன்னத்துச் சதையையும் கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பையும் வீட்டில் மூத்தவர்களுக்கு முதலில் வையுங்கள். இக்கான் மேரா கிடைக்காத ஊரில் இருந்தால் கொடுவாய்த் தலை வாங்குங்கள். சிறிய தலை என்றால் எட்டு நிமிடத்திலேயே அடுப்பை அணைத்துவிடுங்கள்.