லுக்கீமியா (ரத்தப் புற்றுநோய்) வார்டில் 'கன்டாமினேஷன்' என்று தள்ளிவிடும் முன்

புதிதாக வரும் பி.ஜி. (மேற்படிப்பு) டாக்டர்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்த வயதில் நாங்கள் செய்த அதே தவறுகள் திரும்ப நடக்கின்றன. கை கழுவுவதையும் மாஸ்க்கையும் பற்றிப் பேசப்போவதில்லை, அது எல்லாருக்கும் தெரியும். அவர்கள் அடிக்கடி சொல்வதையும் செய்வதையும்தான் கீழே தலைப்புகளாக வைத்திருக்கிறேன்.

"தூசியில இருக்கிற கிருமிதான், விடுங்க"

லேபில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதைக் கேட்டால்தான். கீமோ (புற்றுநோய் மருந்து) முடிந்து, கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களான நியூட்ரோஃபில் அதலபாதாளத்துக்குப் போன நோயாளி. காய்ச்சல். பிளட் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில்) பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது என்று போன் செய்தால், இந்தப் பதில் வரும். மற்ற வார்டுகளில் பெரும்பாலும் அது சரிதான், வெளியிலிருந்து கலந்த கிருமியாக, அதாவது கன்டாமினேஷனாக இருக்கும். ஆனால், வெளியிலேயே கிடந்த சோற்றைச் சாப்பிட்டால் வாந்தி வர வைக்கும் இதே கிருமி, எதிர்ப்பு சக்தி இல்லாத உடம்பில் ரத்தத்தில் பரவி மூளையில் சீழ்க்கட்டி, ரத்தக்கசிவு வரை இழுத்துப் போகும்.

ஓர் இளைஞருக்கு அப்படித்தான் ஆனது. முதலில் வயிற்றுவலி, பேதி. சாயங்காலம் தலைவலி என்றார், விடிவதற்குள் வலிப்பு. லேபுக்கு வந்திருந்ததோ ஒரே ஒரு கல்ச்சர் பாட்டில். ஒற்றைப் பாட்டிலை வைத்துக்கொண்டு நிஜத் தொற்றா, ஊசி குத்தும்போது ஒட்டியதா என்று யார் சொல்வது? சென்ட்ரல் லைனிலிருந்து (பெரிய ரத்தநாளத்தில் போட்டிருக்கும் குழாயிலிருந்து) ஒரு செட் பாட்டில், கை நரம்பிலிருந்து ஒரு செட், பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. இரண்டிலும் வளர்ந்தால் நிஜத் தொற்றுதான், பேச்சே இல்லை. கிருமி வளர்வதில் லைன் பாட்டில் 2 மணி நேரமோ அதற்கு மேலோ முந்திக்கொண்டால், தொற்று லைனிலிருந்து வந்ததா என்று சந்தேகியுங்கள்.

வழக்கமாகப் போடும் செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்குகளை இந்தக் கிருமியிடம் நம்ப முடியாது, வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வேண்டும். அப்புறம், இதன் ஸ்போர்கள் (தடித்த உறைக்குள் உறங்கும் வடிவம்) சானிடைசருக்குச் சாகாது. கைக்குச் சோப்பும் தண்ணீரும்தான்.

"மெரோபெனம் ஓடுது, பயமில்லை"

ஸ்டெனோட்ரோஃபோமோனாஸ் என்ற பாக்டீரியா, பலமான ஆன்டிபயாடிக்கான மெரோபெனத்துக்கு இயல்பிலேயே அடங்காது. அந்த மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே காய்ச்சல் புதிதாக ஏறி, இருமலில் ரத்தமும் வந்தால் இதை நினையுங்கள். இதற்குக் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்தான் பழைய ஆயுதம்.

"சீழ் இல்லையே"

சீழ் பிடிக்க நியூட்ரோஃபில் வேண்டுமே! சீழ் இல்லை என்பதால் தொற்று இல்லை என்று ஆகாது.

ஆசனவாயில் தெர்மாமீட்டர்

கூடவே கூடாது.

"101 தாண்டட்டும், பார்க்கலாம்"

காய்ச்சல் 100.4 டிகிரியில் ஒரு மணி நேரம் நின்றாலே போதும். கல்ச்சர் எடுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் முதல் டோஸ் உள்ளே போகட்டும். நரம்பு கிடைக்கவில்லை என்றால் லைன் ரத்தத்தை மட்டுமாவது எடுத்துவிட்டு மருந்தை ஆரம்பியுங்கள், ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.