ப்ராக் ராக் ஆளுங்களோட பிற்காலம் பத்தி பேசும்போது பண்ணக்கூடாத தப்புகள்

எளிமையா, முரட்டுத்தனமா இருக்கற பங்க் ராக் வந்துச்சு, நீளமான, சிக்கலான பாட்டுங்களுக்குப் பேர் போன ப்ராக் ராக் செத்துச்சு, ஆளுங்க காணாம போயிட்டாங்கன்னு ஒரே வரியில முடிச்சிடறாங்க பாருங்க, முதல் தப்பே அதுதான். பாண்ட் கலையறது வேற, அதுல இருந்தவங்களோட இசை வாழ்க்கை வேற.

ஆல்பம் அட்டையில பெரிசா போட்ட பேரை மட்டும் தேடாதீங்க. ஜென்டில் ஜயன்ட்ங்கற ப்ராக் பாண்ட் 1980ல கலைஞ்சது, அதோட பாடகர் டெரெக் ஷுல்மன் அப்புறம் மேடை பக்கமே வராம பாலிகிராம் கம்பெனியில சேர்ந்து புது பாண்டுகளை கண்டுபிடிச்சு ஒப்பந்தம் போடற வேலைக்குப் போயிட்டார், பான் ஜோவி பாண்டை அங்க கொண்டு வந்ததே இவர்தான், பிறகு ஆட்கோ லேபிளுக்கே தலைவர் ஆனார். தம்பி ரே ஷுல்மன் ப்யோர்க் பாடின சுகர்க்யூப்ஸோட முதல் ஆல்பத்துக்கு (1988) புரொட்யூசர்ல ஒருத்தர். யெஸ் பாண்ட்ல கிடார் வாசிச்ச ட்ரெவர் ராபின் ஹாலிவுட்ல படத்துக்கு மியூசிக் போட போயிட்டார், ஆர்மகெடான் பாத்தவங்க எல்லாரும் அவரை கேட்டிருக்கோம், பேருதான் கவனிக்கல.

அடுத்தது எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம். 1975ல பாடகர் பீட்டர் கேப்ரியல் ஜெனசிஸ் பாண்டை விட்டுப் போனதும் அதோட டிரம்மர் பில் காலின்ஸ் பாட வந்து பாண்டை பாப்பாக்கி கெடுத்துட்டார்னு சொல்றது. 1976ல அவர் பாடி ரெண்டு ஆல்பம் வந்துச்சு, ரெண்டுமே முழு ப்ராக், தயவுசெஞ்சு கேட்டுட்டு பேசுங்க. ரெண்டு பேரும் பகையாளிங்கன்னு நினைக்கறதும் தப்பு. கேப்ரியல் ஆரம்பிச்ச வோமேட்ங்கற உலக இசை விழா 1982ல பெரிய கடன்ல மாட்டினப்போ பழைய ஜெனசிஸ் ஆளுங்களே அவரோட சேர்ந்து மில்டன் கீன்ஸ்ல ஒரு கச்சேரி பண்ணி கை கொடுத்தாங்க. அந்த வோமேட், கேப்ரியலோட ரியல் வேர்ல்ட் லேபிள் வழியாத்தான் பாகிஸ்தான் கவ்வாலி பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் மேற்குல அவ்ளோ பேர் காதுக்குப் போனார், 1989ல வந்த கேப்ரியலோட பேஷன் ஆல்பத்துல நம்ம எல். சங்கரோட வயலினும் இருக்கு.

ஹிட் ஆச்சான்னு மட்டும் பாத்து அளக்கறதும் சரியில்ல. டிரம்மர் பில் ப்ரூஃபர்ட் 1972ல யெஸ் உச்சத்துல இருக்கும்போதே கிங் கிரிம்சன் பாண்டுக்குப் போனார், பிறகு ஜாஸ், 2016ல சர்ரே யூனிவர்சிட்டில பிஎச்டி.

பாப் பக்கம் போனா புதுசா ஒண்ணும் பண்ணலன்னு முடிவு கட்டாதீங்க. 1980ல வந்த கேப்ரியலோட மூணாவது ஆல்பத்துல டிரம்ஸோட இருக்கற உலோகத் தட்டு, அதான் சிம்பல், வேண்டாம்னு அவர் சொல்ல, காலின்ஸ் வாசிச்ச டிரம்ஸ்ல வந்த அந்த சத்தம், எதிரொலி பெரிசா எழும்பி சட்டுனு அறுந்து போகும், அதுதான் அடுத்த வருஷம் காலின்ஸோட சொந்த ஆல்பத்துக்கும் போய் எண்பதுகள் பாப் முழுக்க பரவுச்சு. ரெண்டையும் அடுத்தடுத்து போட்டு கேளுங்க.